மேனகையும் மணிமேகலையும்: ஆதிப் பேசும்படங்களின் பாட்டு நாயகியர்

மணிமேகலைக் காப்பியம் ஓர் ஊரின் ஏமாற்றத்தோடு தொடங்குகின்றது. புகார் நகரிலே இந்திரவிழாவுக்கு முரசறைந்தாயிற்று, வீதிகளும் அணிசெய்யப்பட்டன. ஆயின், ஆடவேண்டிய மாதவியும் அவள் மகளும் அரங்குக்கு வந்திலர். ஊரார் அலர் தூற்றுகின்றனர். அது பொறாத சித்திராபதி, வயந்தமாலையை மாதவியிடத்துத் தூதனுப்புகின்றாள். கோவலன் கொலையுண்டமை கேட்டுத் துறவு பூண்ட மாதவியோ, மணிமேகலை கண்ணகியின் மகளே என்றும், அவள் அரங்கேறுதல் இனி இல்லையென்றும் விடையிறுத்து விடுகின்றாள். துறவின் பெருமையை விதந்துரைக்கும் ஆராய்ச்சியாளர் இவ்விடத்து ஊராரை அதிகம் பொருட்படுத்துவதில்லை. யானோ அவ்வூராரையே முதலிற் கவனிக்க விரும்புகின்றேன். ஆடல் மகள் ஆடினால் அவளுக்குக் குலமகள் என்னும் மதிப்பில்லை. ஆடாதொழிந்தாலோ அலர் எழுகின்றது. கலைஞராகிய பெண்ணிடத்துத் தமிழ்ச் சமுதாயம் கொண்ட உறவின் சிக்கல் இதனினும் தெளிவாக வேறெங்கே காட்டப்பட்டுள்ளது?

மணிமேகலா தெய்வம் அக்கன்னியை உவவனத்தினின்றும் எடுத்துச் சென்று வைத்த மணிபல்லவம் எங்கள் நயினாதீவே என்பது அறிஞர் சிலர் கொள்கை. யாழ்ப்பாணக் குடாநாட்டையே அப்பெயராற் குறிப்பாரும் உளர். அவ்வழக்கு ஈண்டுத் தீர்க்கற்பாலதன்று. நாகபூஷணி அம்மன் கோபுர நிழலிலே வளர்ந்தார் எப்பக்கம் சாய்வர் என்பது சொல்லாமலே விளங்கும். அக்காப்பியத்தைக் கைவிளக்காகக் கொண்டு, ஏறக்குறைய 1930 தொடக்கம் 1950 வரையில் வெள்ளித்திரையிலே பாடியும் ஆடியும் மக்களை வசீகரித்த நாயகியரை, அவருள்ளும் யாழ்ப்பாணத்து இணுவில் தந்த கே. தவமணி தேவியை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும். கல்லூரி மலரிலே சினிமா நடிகையர்க்கு என்ன இடம் என்று புருவம் நெரிப்பாரும் இருத்தல் கூடும். ஆடல் மகளொருத்தி அரங்கேறிய செய்தியையும், அவ்வரங்கின் அளவையும், திரைச்சீலைகளின் வகையையும், அவள் பரிசாகப் பெற்ற ஆயிரத்தெண் கழஞ்சுப் பொன்னையும் விரித்துரைப்பதற்கு ஒரு காதையையே ஒதுக்கினார் இளங்கோவடிகள். அவர்க்கு இழுக்காகாதது நமக்கு இழுக்காகாது.

பாட்டுப் படம் என்னும் வகை அமெரிக்காவிலே பேசும்படத்தோடு உடன்பிறந்தது. 1927இல் 'ஜாஸ் சிங்கர்' வெளிவந்தது. 1929இல் 'புறோட்வே மெலடி'. அதே ஆண்டிற் பங்குச்சந்தை வீழ்ந்து நாடெங்கும் வேலையின்மை பரவியது. ஒருவேளை உணவுக்கு வரிசையில் நின்ற மக்கள், எஞ்சிய சில்லறையைக் கொடுத்துப் படமாளிகையுட் புகுந்து, பட்டும் பளிங்கும் கண்டு மகிழ்ந்தனர் என்பது முரண்போலத் தோன்றும். ஆனால் வறுமைக்காலத்திலேதான் விழாவின் தேவை மிகுதி. 1933இல் வெளிவந்த '42ஆம் வீதி' என்னும் படத்தில் நடனங்களை அமைத்த பஸ்பி பேர்க்லி, படக்கருவியை விதானத்தில் ஏற்றி, கீழே ஆடும் மகளிரைத் தாமரை விரிவது போலவும் சக்கரம் சுழல்வது போலவும் காட்டினார். கண்ணுக்கு அது பெருவிருந்து. ஆயினும் அத்தாமரையின் ஓர் இதழாக நின்ற பெண்ணுக்கு முகமில்லை, பெயருமில்லை. அக்காட்சிகளை எத்தனை முறை கண்டாலும் எனக்கு ஏதோ ஓர் ஆலையின் நினைவே வருகின்றது.

ஜனெற் மக்டொனால்ட் அம்மையார் வேறு வகையினர். 1929இல் லூபிட்ச் இயக்கிய 'லவ் பரேட்' என்னும் படத்திலே நகைச்சுவையும் குறும்பும் துள்ளத் தம் குரலாலேயே பாடி நடித்த அவர், 1935இல் நெல்சன் எடியோடு நடித்த 'நோற்றி மரியெற்றா' முதலாகக் கழுத்துவரை போர்த்த கண்ணியமான இசையரசியாக மாறிவிட்டார். இடையில் நிகழ்ந்தது யாதெனின், 1934இல் ஹொலிவூட்டின் ஒழுக்க விதிகள் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தமையே. குரல் மாறவில்லை, அதே பெண்தான். அவரைச் சுற்றி நின்ற ஊரார் தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டனர். புகாரின் அலர் புகாரோடு ஒழியவில்லை என்று கொள்க.

இனித் தமிழுக்கு வருவோம். 1931ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி சென்னையிலே திரையிடப்பட்ட 'காளிதாஸ்' தமிழ் பேசிய முதற்படமென எண்ணப்படுகின்றது. நாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழிலே பேச, நாயகன் தெலுங்கிலே விடையளித்தான். இதனை எவரும் பெருங்குறையாகக் கொள்ளவில்லை. மக்கள் சென்றது உரையாடலைக் கேட்பதற்கன்று. ஒரு பெண் திரையிலே நின்று பாடுவதைக் காண்பதற்கு. 1934இல் வந்த 'பவளக்கொடி'யில் ஏறத்தாழ ஐம்பது பாடல்கள் இருந்தன. இன்று அதனை நகைப்பவர்கள், அந்நாளைய நாடகமேடை முழுவதும் பாட்டாலேயே இயன்றது என்பதையும், கிராமபோன் தட்டுக்களிலே பழகிய குரலுக்குரியவரைக் கண்ணாற் காணும் அவா எத்துணை வலியது என்பதையும் நினைப்பதில்லை. ஹொலிவூட்டிலே குரல் உருவத்தை அலங்கரித்தது. தமிழிலோ குரலே முதலில் ஊர் ஊராகச் சென்றது. உருவம் பின்னர் வந்து சேர்ந்தது.

ஈழத்திலும் இதுவே வரிசை. கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் 1920களில் இலங்கைக்கு வந்து நாடகமாடியவர். எஸ். ஜி. கிட்டப்பாவோடு அவர் இணைந்து நடிக்கத் தொடங்கியதும் இலங்கை மேடையிலேயே. 1933இல் கிட்டப்பா மறைய, வெண்ணிற ஆடை பூண்டு ஒதுங்கியிருந்த அம்மையாரை, அந்நாளில் எவரும் கேட்டிராத ஓர் இலட்சம் ரூபா ஊதியம் பேசித் திரைக்கு அழைத்து வந்தனர். அவர் ஏற்ற வேடம் யாது? நந்தனார்! 1935இல் வெளிவந்த அப்படத்தில் ஓர் ஆணடியாராகவே அவர் நடித்தார். மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. 1941இல் 'சாவித்திரி' படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி நாரதராகத் தோன்றினார். கல்கி வார இதழைத் தொடங்குதற்கு வேண்டிய பொருள் அவ்வூதியத்தாற் கிடைத்தது என்பது யாவரும் அறிந்ததே. அக்காலத்தின் தலையாய இரு பாட்டு நாயகியரும் ஆண்வேடத்தில் நின்று மக்களைக் கவர்ந்தனர் என்னும் இச்செய்தி, 'கவர்ச்சி' என்ற சொல்லைப் பத்திரிகைக்காரர் இன்று வழங்கும் குறுகிய பொருளினின்றும் மீட்கப் போதியதாகும். ஜனெற் மக்டொனால்டை முனிவராக்கிப் படமெடுக்க ஹொலிவூட்டில் ஒருவரும் துணியார்.

தீவகத்தார் பேசும்படம் பார்க்க வேண்டின் வள்ளமேறிக் கடல் கடந்து யாழ்ப்பாணப் பட்டினத்து வெலிங்டன், வின்சர் போன்ற படமாளிகைகளுக்குச் செல்லவேண்டும். அச்செலவு எல்லார்க்கும் இயல்வதன்று. ஆயினும் திருவிழாக் காலத்து ஒலிபெருக்கியிலும், கலியாண வீட்டுக் கிராமபோனிலும், பின்னர் இலங்கை வானொலியிலும் அப்பாட்டுக்கள் தாமே கடல் கடந்து வந்தன. 1952இல் கேஸ்கார் அமைச்சரானபின் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கிவிட, தமிழகத்தாரே அவற்றைக் கேட்பதற்கு இலங்கை வானொலியைத் தேடியமை அக்கால வரலாற்றிலே சுவையான ஒரு திருப்பம். படத்தைக் காணாமலே அதன் பாட்டு முழுவதையும் மனனஞ் செய்த தலைமுறை ஒன்று தீவுகளில் இருந்தது. பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் கற்பனையிற் கண்ட நாயகியை எந்தப் படமுதலாளியும் காட்டியிருக்க முடியாது.

இவ்விடத்தே 1940ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு 'சகுந்தலை' வெளிவந்தது. சகுந்தலை எம். எஸ். சுப்புலட்சுமி, துஷ்யந்தன் ஜி. என். பாலசுப்பிரமணியம். இயக்கியவர் எலிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். தமிழறியாத இவர், 1936இல் 'சதிலீலாவதி' முதலாக 1950 வரையில் தமிழ்ப்படங்களை இயக்கி, நாடகமேடைப் பழக்கத்தினின்று திரையை ஓரளவு விடுவித்தவர். பாடும் முகத்தை அண்மையிற் சென்று காட்டவும், ஒளியாலே முகத்தை வனையவும் அவர் அறிந்திருந்தார். 1945இல் வெளிவந்த 'மீரா'வுக்காகச் சுப்புலட்சுமியின் தலையைச் சிலையாக வார்ப்பித்து, எக்கோணத்தில் ஒளி விழுந்தால் எவ்வழகு தோன்றும் என ஆராய்ந்தார் என்பர். பக்திப்படம் என்று நாம் கைகூப்பிக் கண்ட அம்முகத்தின் பொலிவிலே ஹொலிவூட்டின் தொழில்நுட்பம் கலந்திருந்தது. மீராவும் அவ்வகையில் ஒரு கவர்ச்சி நாயகியே. அக்கவர்ச்சிக்கு நாம் வேறு பெயரிட்டோம்.

'சகுந்தலை'யில் நாயகியின் தாயாகிய மேனகையாக வந்தவர் தவமணி தேவி. தேவலோகத்து ஆடல் மகள் தாய். ஆச்சிரமத்திலே வளர்ந்த தவமகள் சேய். மாதவியும் மணிமேகலையும் போன்ற அதே இணை! அவ்வாண்டிலேயே 'மணிமேகலை' என்னும் படமும் வெளிவந்தது, சுந்தராம்பாளே மணிமேகலை. இவையெல்லாம் எவரும் திட்டமிட்டுச் செய்தவையல்ல. எனினும் தமிழ்த்திரை தன் மகளிரை இரண்டு வரிசையாக நிறுத்தத் தொடங்கியமையை அவ்வாண்டு தெளிவாகக் காட்டுகின்றது. மணிமேகலை வரிசையில் நின்றார்க்கு மாலையும் மதிப்பும். மேனகை வரிசையில் நின்றார்க்குக் கைதட்டலும் அலரும்.

தவமணி தேவி, தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் ஊராகிய இணுவிலைச் சேர்ந்தவர். தமிழகத்து விளம்பரங்கள் அவரைச் 'சிங்களத்துக் குயில்' என்று அழைத்தன. யாழ்ப்பாணத்தார்க்கு இப்பட்டம் நகைப்பையோ சினத்தையோ தரலாம். அக்காலத்துத் தமிழகத்தில் இலங்கை முழுவதுமே சிங்களம் என்று பொதுவாக வழங்கிற்று. மொடேர்ண் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் 1937இல் எடுத்த 'சதி அகல்யா'வில் அகலிகையாக அவர் நடித்தார். நீச்சலுடையில் அவர் தோன்றிய நிழற்படங்கள் பத்திரிகையாளரைத் திடுக்கிடச் செய்தன என்பது தமிழ்ச்சினிமா வரலாற்றிலே பலராலும் எழுதப்பட்ட செய்தி. முனிபத்தினி நீச்சலுடையிலா என்று வினவினர் போலும். கல்லாகச் சபிக்கப்பட்டவள் கதைக்கு அவர்கள் கல்லையே எதிர்பார்த்தனர்.

1941இல் 'வனமோகினி' வந்தது. டொறதி லமூர் என்னும் ஹொலிவூட் நடிகை, 1936இல் 'ஜங்கிள் பிறின்சஸ்' படத்தில் ஒற்றைச் சீலையைச் சுற்றிக் காட்டுப்பெண்ணாகத் தோன்றிப் பாடி உலகெங்கும் புகழ்பெற்றிருந்தார். அக்கோலத்தையே தவமணி தேவி தமிழுக்குக் கொணர்ந்தார். சந்துரு என்னும் யானையும் அதில் ஒரு முக்கிய பாத்திரம். இதனை வெறும் போலி என்று தள்ளிவிடுதல் எளிது. போலிதான், அதில் ஐயமில்லை. ஆயினும் லமூர் அணிந்த உடை அமெரிக்கர்க்கு எங்கோ உள்ளதொரு தென்கடல் தீவின் கனவு. அதனை ஏற்று நடித்த தமிழ்ப்பெண்ணோ மெய்யாகவே ஒரு தீவினின்றும் சென்றவர். தென்னையும் கடலும் வெயிலும் அவர்க்குக் கனவல்ல. கனவுக்குப் பொருளாக வைக்கப்பட்ட பெண்ணே அக்கனவை எடுத்துத் தானே உடுத்துக்கொண்டு நகைத்த நிகழ்ச்சியாக இதனைக் காண முடியும். யான் அவ்வாறே காண்கின்றேன்.

அவர் பெருநடிகையா என்று கேட்பின், அல்லர் என்றே கூறவேண்டும். சுந்தராம்பாளின் குரலிலுள்ள வீறு அவர்க்கில்லை; சுப்புலட்சுமியின் இசைப்பயிற்சியோடு ஒப்பிடுதல் நேர்மையாகாது. அவருடைய தனிச்சிறப்பு கூச்சமின்மை. அந்நாளைய நடிகையர் பலர் படக்கருவியின் முன் நிற்குங்கால், தம்மை ஊரார் பார்க்கின்றனர் என்னும் அச்சத்தோடு நின்றனர். தவமணி தேவியோ பார்ப்பவரைத் தாமும் பார்த்தார். 1944இல் 'ஹரிதாஸ்' படத்தில் ரம்பை என்னும் தாசியாக வந்த டி. ஆர். ராஜகுமாரியிடத்தும் இத்தன்மை உண்டு. சென்னை புறோட்வே படமாளிகையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட அப்படத்தின் வெற்றிக்குத் தியாகராஜ பாகவதரின் பாட்டு எத்துணைக் காரணமோ, ராஜகுமாரியின் பார்வையும் அத்துணைக் காரணம். பக்திக்கதை முடியுமளவும் ரம்பையை ஊரார் கண்டுகளித்தனர். முடிவில் நாயகன் திருந்தியதைக் கண்டு தாமும் திருந்தியவராய் வீடு சென்றனர்! 1948இல் எஸ். எஸ். வாசன் எடுத்த 'சந்திரலேகா'வில், பெருமுரசங்களின் மீது ஆடும் காட்சி பேர்க்லியின் பாணியை நினைவூட்டும். ஆனால் அங்கும் ராஜகுமாரி கூட்டத்துள் மறைந்து இதழாகிவிடவில்லை. முரசுகளுள்ளே வீரர் ஒளிந்திருப்பதை அறிந்தவள் அவள் ஆதலின், ஆட்டமே சூழ்ச்சியாகின்றது. மூலத்தினும் வழிநூல் சிறந்த இடங்களுள் இதனை ஒன்றாகக் கருதுகின்றேன்.

யாழ்ப்பாணம் தவமணி தேவியைப் பற்றிப் பேசாமைக்குக் காரணம் தேடுதல் அரிதன்று. கோயில்களிலே தேவதாசிகளின் ஆட்டம் நிகழ்தலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நாவலர் பெருமான் கடிந்தார். அவர் வழிவந்த சைவ மரபு அதனை மறக்கவில்லை. மறுபுறத்தில், திருவிழாக்களிலே சின்னமேளம் வந்ததென்றால் விடியுமளவும் வீதி நிறைந்தது. கண்டித்தவரும் கண்டவரும் பெரும்பாலும் ஒருவரே. தாசிக்குலத்துப் பெண் ஆடினால் அதற்கு ஒரு வகுப்பு இருந்தது. அவளை அதில் வைத்துவிடலாம். கற்றோர் குடும்பத்துப் பெண்ணொருத்தி தானே விரும்பிச் சென்று ஆடினால் எங்கே வைப்பது? மௌனத்திலே வைத்தோம். இதற்கு நேரெதிரான ஒரு வரலாறும் இத்தீவில் உண்டு. டெய்சி ராசம்மா என்னும் பெயரோடு தமிழ்க் கிறித்தவக் குடும்பத்திலே பிறந்து, ருக்மணி தேவியாகச் சிங்கள மேடையேறி, 1947இல் முதற் சிங்களப் பேசும்படமாகிய 'கடவுணு பொறொந்துவ'வில் நாயகியாகிப் பாடியவரைச் சிங்கள மக்கள் 1978இல் அவர் விபத்தில் இறந்தபின்னும் தம் குயில் என்றே போற்றினர். அப்படம் மதுரையிலே எடுக்கப்பட்டது. இணுவிற் பெண் சென்னையிலே 'சிங்களத்துக் குயில்' ஆனதும், தமிழ்ப்பெண் மதுரையில் எடுத்த படத்தாற் சிங்களவரின் குயில் ஆனதும் ஏறத்தாழ ஒரே காலத்து நிகழ்ச்சிகள். நம் குயில் என்று யாழ்ப்பாணம் அழைத்தது இவ்விருவருள் ஒருவரையுமன்று.

இந்நாயகியர் காலம் முடிந்தமைக்கு அலர் மட்டும் காரணமன்று. ஒரு பொறியும் காரணம். 1938இல் ஏவி. மெய்யப்பரின் 'நந்தகுமார்' படத்தில் ஒருவர் வாயசைக்க மற்றொருவர் பாடும் முறை தமிழிலே தலைகாட்டிற்று. 1945இல் அவர் எடுத்த 'ஸ்ரீவள்ளி'யில் நாயகி குமாரி ருக்மிணியின் பாட்டு மனநிறைவு தராமையால், பி. ஏ. பெரியநாயகியின் குரலைப் பின்னர் அவ்வுருவத்தோடு பொருத்தினர். கதிர்காமத்தைத் தன் ஊராகக் கொண்டாடும் நமக்கு நன்கு அறிமுகமான வள்ளி, அன்று முதல் ஒருத்தியின் முகமும் மற்றொருத்தியின் மிடறும் உடையவளானாள். இசை திருந்தியது, பி. சுசீலா போன்ற அரும்பாடகியர்க்கு வழி பிறந்தது. அவற்றையெல்லாம் மறுப்பார் இல்லை. ஆனால் பாடும்போது கழுத்து நரம்பு புடைப்பதும், மூச்சு வாங்குதற்கு இமை தாழ்வதும், தானே பாடுகின்றேன் என்னும் செருக்கு உதட்டோரத்தே தோன்றுவதும் திரையினின்றும் மறைந்தன. பி. பானுமதி ஒருவர் இறுதிவரை தம் பாட்டைப் பிறர்க்குக் கொடாமையே அவருடைய நடிப்பில் காணும் நிமிர்வுக்குக் காரணம் என்பேன்.

ஹொலிவூட்டும் இவ்வழியே சென்றது. 1952இல் வெளிவந்த 'மழையிற் பாடி' எனத்தக்க புகழ்பெற்ற ஜீன் கெலி படம், குரல் இரவல் கொடுக்கும் இளம்பெண் ஒருத்திக்கு நீதி வழங்கும் கதை. இரவற் குரலுக்கு உரியவள் இவளே என்று திரையை விலக்கிக் காட்டும் இடத்திலே படமாளிகை ஆரவாரிக்கும். விந்தை யாதெனின், அவ்விளம்பெண்ணாக நடித்த டெபி றெனோல்ட்ஸின் பாட்டு ஒன்றையே வேறொரு பாடகி திரைமறைவில் நின்று பாடிக் கொடுத்திருந்தார். நீதிக்கதையும் இரவற் குரலாலேதான் சொல்லப்பட்டது.

தவமணி தேவி 1947இல் ஏ. எஸ். ஏ. சாமியின் 'ராஜகுமாரி'யில் நாயகனை மயக்க முயலும் பெண்ணாக வந்தார். எம். ஜி. இராமச்சந்திரன் முதன்முதல் நாயகனான படம் அது. சின்னாளில் அவர் திரையை விட்டு நீங்கினார். பிற்காலத்தை இராமேசுவரத்திலே வழிபாட்டு நெறியிற் கழித்து, 2001இல் அங்கே காலமானார். தீவகத்துக்குத் தென்மேற்கே, கடலுக்கு அப்பால் உள்ள தலம் அது. மேனகை மனந்திருந்தி மணிமேகலையானாள் என்று இதனைக் கதையாக்க ஆசைப்படுவோர் உளர். அவர் எதனை நினைந்து வருந்தினார், எதனை நினைந்து மகிழ்ந்தார் என்பது அவர்க்கே உரியது. கோயிலுக்குப் போகும் பெண்ணையும் வனமோகினியையும் வேறு வேறாக்கி, முன்னவரை மன்னித்து ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மை கலையாராய்ச்சிக்கு வேண்டுவதன்று. 1930களின் தமிழ்ப்படங்களிற் பெரும்பாலானவை அழிந்தொழிந்தன; எஞ்சியவை சில நிழற்படங்களும் பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுக்களுமே. 'ராஜகுமாரி' இன்றும் காணக் கிடைக்கின்றது. அவரை அறிய விரும்பும் மாணவர் அதிலிருந்து தொடங்குதல் நன்று; நாயகனை நோக்காது, அவர் தோன்றும் காட்சிகளிலே அவருடைய கண்களைக் கவனிப்பாராக.